விபத்தால் வந்த காயம்தான் இது: நீதிமன்றத்தில் நிரூபிப்பது எப்படி?

விபத்து நடந்தது உண்மை. இடுப்பு வலியும் உண்மை. மோதிய காரோட்டிமீதுதான் தவறு என்று ஊரே சொல்கிறது. இருந்தும் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து ஒரு கேள்வி கேட்கும்போது பலர் திகைத்து நின்றுவிடுகிறார்கள். "இந்த வலி அந்த விபத்தால்தான் வந்தது என்பதற்கு என்ன சான்று?"

அதிகாலை மோட்டார் சைக்கிளில் வேலைக்குக் கிளம்பும் தோட்டத் தொழிலாளர்களும், நகரத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை செய்பவர்களும், பொருள் விநியோகம் செய்யும் இளைஞர்களும் நம் சமூகத்தில் அதிகம். விபத்து நேர்ந்தால் உயிர் பிழைத்ததே போதும் என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம். காயத்துக்குரிய இழப்பீட்டைப் பெறத் தேவையான சான்றுகள் அந்த முதல் சில நாட்களில்தான் உருவாகின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. அந்தச் சான்றுகள் என்ன, நீதிமன்றம் அவற்றை எப்படிப் பார்க்கிறது, எங்கே நாம் கோட்டை விடுகிறோம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மூன்று கேள்விகள்

சாலை விபத்து வழக்கில் இழப்பீடு கேட்பவரை வாதி என்கிறோம். அவர் மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும். முதலாவது, மற்றவர் கவனக்குறைவாக வண்டி ஓட்டினார் என்பது. இரண்டாவது, தமக்குக் காயமோ பாதிப்போ இருக்கிறது என்பது. மூன்றாவது, அந்தக் கவனக்குறைவால் நேர்ந்த விபத்துதான் இந்தப் பாதிப்புக்குக் காரணம் என்பது.

முதல் இரண்டையும் நிரூபித்துவிட்டு மூன்றாவதில் தோற்றால், அந்தக் காயத்துக்கு இழப்பீடு கிடைக்காது. கை முறிவுக்குப் பணம் கிடைத்து, வாழ்நாள் முழுக்கத் தொல்லை தரும் முதுகுத்தண்டுப் பாதிப்புக்கு ஒன்றும் கிடைக்காமல் போவது இப்படித்தான். நீதிமன்றம் ஒவ்வொரு காயத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காரணம் நிரூபிக்கப்பட வேண்டும்.

நீதிமன்றம் பயன்படுத்தும் அடிப்படைச் சோதனை எளிமையானது. "அந்த விபத்து நடக்காமல் இருந்திருந்தால் இந்தப் பாதிப்பு வந்திருக்குமா?" வந்திருக்காது என்றால் விபத்துதான் காரணம். எப்படியும் வந்திருக்கும் என்றால் விபத்து காரணமல்ல.

நிரூபிக்கும் பொறுப்பு, கோரிக்கை வைப்பவரையே சாரும் என்று 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் சொல்கிறது. ஆனால் கொலை வழக்கில் வேண்டியிருப்பது போல, சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. இது சிவில் வழக்கு. விபத்தால் வந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று நீதிபதிக்குத் தோன்றும் அளவுக்குச் சான்று இருந்தால் போதும். தராசு ஒரு பக்கம் சற்றே சாய்ந்தாலும் போதுமானது. அந்தச் சாய்வை உண்டாக்குவது பெரும்பாலும் காகிதங்கள்தான்.

வழக்கு எங்கே, யார்மீது?

வாகன விபத்து வழக்குகளை விசாரிக்க செஷன்ஸ் நீதிமன்றத்துக்குத் தொகை வரம்பு கிடையாது. 1948ஆம் ஆண்டு கீழ்நிலை நீதிமன்றச் சட்டத்தின் 65ஆவது பிரிவு இந்த அதிகாரத்தைத் தருகிறது. 1 லட்சம் ரிங்கிட்டுக்கு உட்பட்ட கோரிக்கைகள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கும் போகலாம்.

வழக்கு, மோதிய வண்டியின் ஓட்டுநர்மீதும், பல சமயங்களில் உரிமையாளர்மீதும் தொடுக்கப்படுகிறது. தீர்ப்புத் தொகையைக் கட்டுவது பொதுவாக அந்த வண்டியின் காப்புறுதி நிறுவனம். மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வண்டி ஓட்டுவதை 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே, எதிரே நிற்பது பெரும்பாலும் அனுபவம் வாய்ந்த காப்புறுதி நிறுவன வழக்கறிஞர். ஓட்டுநரின் தவறை அவரால் மறுக்க முடியாமல் போகலாம். காயத்துக்கும் விபத்துக்கும் உள்ள தொடர்பைத்தான் அவர் வரிக்கு வரி துருவிப் பார்ப்பார்.

போலீஸ் புகாரில் என்ன எழுதியிருக்கிறது?

விபத்தில் சிக்கிய ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும் என்பது சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. மோட்டார் சைக்கிளோட்டிக்கும் இது பொருந்தும். மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவருக்கு நேரத்தோடு போக இயலாமல் போகலாம். அப்படியானால், முடிந்த முதல் நாளிலேயே போய், ஏன் தாமதம் என்பதையும் புகாரில் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

புகார் மலாய் மொழியில் தட்டச்சு செய்யப்படுகிறது. நம் பெரியவர்கள் சிலர் அரைகுறை மலாயில் நடந்ததைச் சொல்லிவிட்டு, எழுதியதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். "சிறு சிராய்ப்பு" என்று அதில் இருந்தால், இரண்டு ஆண்டுகள் கழித்துக் கழுத்துப் பாதிப்பைப் பற்றிச் சொல்லும்போது குறுக்கு விசாரணையில் அந்த வரிதான் முதலில் வாசிக்கப்படும். ஆகவே கையெழுத்துக்கு முன் முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும். மலாய் நன்கு தெரிந்த பிள்ளைகளையோ அக்கம்பக்கத்தாரையோ உடன் அழைத்துப் போவது நல்லது.

அடிபட்ட இடங்கள் எல்லாவற்றையும் சொல்லுங்கள். கால் முறிவு கண்ணுக்குத் தெரிகிறது. தலையில் பட்ட லேசான அடி தெரிவதில்லை. இரண்டையும் சொல்ல வேண்டும். பிறகு புதிய வலி தெரியவந்தால், அல்லது முதல் புகாரில் பிழை இருந்தால், கூடுதல் புகார் செய்யலாம். அதைச் சீக்கிரம் செய்தால் நம்புவார்கள். வழக்குப் போடுவதற்கு முதல் வாரத்தில் செய்தால் சந்தேகப்படுவார்கள்.

விசாரணை அதிகாரி தயாரிக்கும் இடவரைபடம், அதற்கான விளக்கக் குறிப்பு, வண்டிகளின் புகைப்படங்கள் ஆகியவற்றைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். வண்டியின் எந்தப் பக்கம் நசுங்கியது என்பது, உடலின் எந்தப் பக்கம் அடிபட்டிருக்கும் என்பதைக் காட்டும். வலப்பக்கம் மோதப்பட்ட மோட்டார் சைக்கிளும் வலக்கால் முறிவும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் சான்றுகள்.

போலீசார் யாருக்கு அபராதம் விதித்தார்கள் என்பது சிவில் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. "அவருக்குத்தான் சம்மன் கொடுத்தார்கள், நான் ஜெயித்துவிடுவேன்" என்று நினைத்துச் சும்மா இருந்துவிடக் கூடாது.

மருத்துவரிடம் சொன்ன முதல் வார்த்தை

காரணத்தை நிரூபிக்கும் சான்றுகளில் பெரியது, விபத்துக்குப் பின் முதன்முதலில் பார்த்த மருத்துவர் எழுதிய குறிப்பு. அப்போது யாருக்கும் வழக்கு என்ற நினைப்பு இருக்காது. பணத்துக்காகச் சொன்ன வார்த்தை என்று அதைத் தள்ளிவிட முடியாது. அதனால்தான் நீதிமன்றம் அதற்கு மதிப்புத் தருகிறது.

அரசு மருத்துவமனைக் குறிப்புகளில் "அலெஜ்ட் எம்.வி.ஏ." என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிலர் பதறுகிறார்கள். வாகன விபத்து என்று நோயாளி கூறுகிறார் என்பதே அதன் பொருள். மருத்துவர் விபத்தை நேரில் பார்க்கவில்லை. ஆகவே அப்படி எழுதுகிறார். அது நம்மைச் சந்தேகிப்பதல்ல. அந்த மூன்று எழுத்துகள் அன்றைய தேதியுடன் பதிவாகியிருப்பது நமக்கே சாதகம்.

"கீழே விழுந்துவிட்டேன்" என்று மட்டும் சொன்னால்தான் சிக்கல். குளியலறையில் வழுக்கி விழுந்ததா, மரத்திலிருந்து விழுந்ததா, வண்டி மோதி விழுந்ததா என்பது குறிப்பில் இருக்காது. எந்த நாள், எத்தனை மணி, எந்த வண்டி மோதியது, எப்படி விழுந்தீர்கள், எங்கெங்கே வலி, மயக்கம் வந்ததா, வாந்தி எடுத்தீர்களா என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கால் வலி உயிர் போகும்போது முதுகு வலியைச் சொல்ல மறப்பது இயல்பு. மறுநாள் வார்டுக்கு வரும் மருத்துவரிடம் சொன்னாலும் போதும், அதுவும் பதிவாகும்.

இடைவெளி என்ற பள்ளம்

பிரச்சினை பெரும்பாலும் அடுத்த கட்டத்தில்தான் தொடங்குகிறது. கிளினிக்கில் வலி மாத்திரை வாங்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பியவர், ஐந்து மாதம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுக்கிறார். முதுகெலும்பு வட்டு விலகியிருப்பது தெரிகிறது. அந்த ஐந்து மாதமும் ஒரு மருத்துவரையும் பார்க்கவில்லை. "வலி இருந்திருந்தால் ஏன் போகவில்லை? இடையில் வேறு எங்கேயாவது விழுந்திருக்கலாம் அல்லவா?" என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

வலி பொறுத்துப் பழகிய தோட்டத்து மக்களுக்கு இது பெரிய பாதகம். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்தக் காரணம் எங்கும் எழுதப்படுவதில்லை. மருத்துவமனை ஏட்டில் வெற்றிடம் மட்டுமே இருக்கும்.

சுளுக்கு எடுப்பவரிடமும், உருவி விடுபவரிடமும், சீன வைத்தியரிடமும் போகிறவர்கள் உண்டு. அங்கே பெரும்பாலும் ரசீதும் குறிப்பும் இருக்காது. எலும்பு முறிந்திருக்கும்போது உருவிவிட்டதால்தான் நிலைமை மோசமானது என்ற வாதத்துக்கும் அது வழி திறந்துவிடும். முதலில் எக்ஸ்ரே எடுத்து, மருத்துவர் என்ன சொல்கிறார் என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். மற்ற வைத்தியம் பிறகுதான்.

மருத்துவர் கொடுத்த மறுபரிசோதனைத் தேதிகளைத் தவறவிடக் கூடாது. பாதிப்பைக் குறைத்துக்கொள்ள நியாயமான முயற்சி எடுப்பது வாதியின் கடமை என்று சட்டம் எதிர்பார்க்கிறது. தக்க காரணமின்றிச் சிகிச்சையை மறுத்தவருக்கு, அதனால் கூடிய பாதிப்புக்கு இழப்பீடு குறையலாம்.

தாமதமாகத் தெரியும் காயங்கள்

எல்லாக் காயமும் அன்றே தெரிவதில்லை. பின்னாலிருந்து கார் மோதும்போது ஏற்படும் கழுத்துச் சுளுக்கு மறுநாள் காலையில் எழும்போதுதான் உறைக்கும். வயதானவர்களுக்குத் தலையில் லேசாக அடிபட்டால், மூளையின் மேலுறைக்கு அடியில் ரத்தம் மெல்லக் கசிந்து, சில வாரங்கள் கழித்துத் தலைவலி, தடுமாற்றம், குழப்பம் என்று வெளிப்படலாம். விபத்துக்குப் பின் தூக்கமின்மை, சாலையைக் கண்டாலே பயம் போன்ற மனப் பாதிப்புகளும் பிறகே தெரியவரும்.

இவற்றுக்கும் இழப்பீடு கேட்கலாம். ஆனால் இடைப்பட்ட காலத்துக்குப் பாலம் வேண்டும். தலையில் அடிபட்டது என்று முதல் நாளே பதிவாகியிருந்தால், மூன்று வாரம் கழித்து எடுத்த சி.டி. ஸ்கேனில் தெரியும் ரத்தக் கசிவை மருத்துவர் அதனோடு இணைத்து விளக்க முடியும். நடுவில் "அப்பா பேச்சில் தடுமாறுகிறார்" என்று குடும்பத்தார் கவனித்தது, அதற்காகக் கிளினிக் போனது எல்லாம் அந்தப் பாலத்தின் பலகைகள்.

"ஏற்கெனவே இருந்த வலிதானே?"

காரணம் பற்றிய வாதங்களில் நம் மக்களை அதிகம் வாட்டக்கூடியது இதுதான். 52 வயதுச் செம்பனைத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். முப்பது ஆண்டுகளாகக் குலை வெட்டி, சுமந்து, ஏற்றியவர். அவருடைய முதுகை ஸ்கேன் செய்தால் தேய்மானம் தெரியாமல் இருக்காது. "இது வயதாலும் வேலையாலும் வந்த தேய்மானம், விபத்தால் வந்ததல்ல" என்று எதிர்த்தரப்பு மருத்துவர் அறிக்கை எழுதுவார்.

தேய்மானம் இருந்தது என்பதாலேயே வழக்கு முடிந்துவிடுவதில்லை. தேய்மானம் இருந்தும் வலியே இல்லாமல் வேலை செய்தவர்கள் ஏராளம். விபத்துக்கு முதல் நாள் வரை அவர் முழு வேலை செய்தாரா, விபத்துக்குப் பின் முடியாமல் போனதா என்பதே கேள்வி. இதற்குச் சான்று மருத்துவமனையில் மட்டும் இல்லை. தோட்ட அலுவலகத்தில் உள்ள வருகைப் பதிவு, எத்தனை குலை வெட்டினார் என்ற கணக்கு, சம்பளச் சீட்டு, உடன் வேலை செய்தவர், வேலையைப் பிரித்துக் கொடுத்த மண்டோர் ஆகியோரின் சாட்சியம் எல்லாம் பேசும். விபத்துக்கு முந்திய 12 மாதச் சம்பளச் சீட்டில் ஏற்றத்தாழ்வு இல்லை, பிந்திய மாதங்களில் பாதியாகிவிட்டது என்றால் நீதிபதி அதைக் கவனிக்காமல் இருக்க மாட்டார்.

நீதிமன்றத்தின் முன் இங்கே மூன்று முடிவுகள் உண்டு. விபத்துதான் முழுக் காரணம் என்று கொள்ளலாம். இருந்த பலவீனத்தை விபத்து மோசமாக்கியது என்று கொண்டு, கூடிய பாதிப்புக்கு மட்டும் இழப்பீடு தரலாம். சில ஆண்டுகள் கழித்து எப்படியும் வரவிருந்ததை விபத்து முன்கூட்டியே கொண்டுவந்தது என்று கொண்டு, அந்த ஆண்டுகளுக்கு மட்டும் கணக்கிடலாம். சான்று எவ்வளவு தெளிவோ, அவ்வளவுக்கு முதல் முடிவை நோக்கி நகரலாம்.

பழைய வலியை மறைப்பதுதான் மிகப் பெரிய தவறு. "முதுகு வலியே இருந்ததில்லை" என்று சத்தியம் செய்துவிட்டு, நான்கு ஆண்டுகளுக்கு முன் கிளினிக்கில் வாங்கிய எம்.சி. வெளிவந்தால், மற்ற உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். கைவசமுள்ள சான்றை ஒருவர் மறைத்தால், அது அவருக்குப் பாதகமானது என்றே நீதிமன்றம் ஊகிக்கச் சாட்சியச் சட்டத்தின் 114ஆவது பிரிவு இடம் தருகிறது. "முன்பு எப்போதாவது வலிக்கும், ஆனால் வேலை நின்றதில்லை" என்ற உண்மையே வலுவான பதில்.

நீரிழிவு உள்ளவரின் கால்

இனிப்பு நீர் நம் சமூகத்தில் வீட்டுக்கு வீடு உள்ள நோய். நீரிழிவு உள்ள ஒருவருக்கு விபத்தில் கால் முறிகிறது. புண் ஆறவில்லை; கிருமித் தொற்று பரவி, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிறது. "காலை எடுத்தது நீரிழிவு, எங்கள் வண்டியல்ல" என்று காப்புறுதித் தரப்பு சொல்லும்.

சட்டத்தில் இதற்குப் பழமையான ஒரு கொள்கை உண்டு. தவறு செய்தவர், பாதிக்கப்பட்டவரை இருந்த நிலையிலேயே ஏற்க வேண்டும். மெல்லிய மண்டையோடு உள்ளவரை அடித்துவிட்டு, "மற்றவர்களுக்கு இது சின்ன அடிதான்" என்று தப்பிக்க முடியாது. அதுபோலவே, ஆரோக்கியமானவருக்கு ஆறியிருக்கும் புண் இவருக்கு ஆறவில்லை என்பது தப்பிக்க வழியாகாது.

ஆனால் அதற்கும் சான்று வேண்டும். விபத்துக்கு முன் அந்தக் காலில் புண் இருந்ததா, ரத்த ஓட்டம் எப்படி இருந்தது, சர்க்கரை அளவு என்ன என்பதைச் சுகாதார கிளினிக்கின் நீரிழிவுப் பதிவேடு காட்டும். கால் நல்ல நிலையில் இருந்தது என்று அதில் இருந்தால், விபத்து இல்லாமல் அந்தக் கால் போயிருக்காது என்ற வாதம் வலுப்படும். சிகிச்சைப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருப்பதன் பயன் இதுதான். மருந்தை ஒழுங்காக எடுக்கவில்லை, புண்ணைக் கவனிக்கவில்லை என்று பதிவாகியிருந்தால், அது எதிராகத் திரும்பும்.

சிறப்பு மருத்துவர் அறிக்கை

அரசு மருத்துவமனையின் மருத்துவப் பதிவுப் பிரிவில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் மருத்துவ அறிக்கை கிடைக்கும். அதில் காயங்களின் பட்டியலும் சிகிச்சையும் இருக்கும். விபத்துக்கும் காயத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய கருத்து இருக்க வேண்டுமென்பதில்லை. அந்தக் கருத்தைத் தருபவர் சிறப்பு மருத்துவர். எலும்புக்கு எலும்பியல் நிபுணர், தலைக்கு நரம்பியல் நிபுணர், மனப் பாதிப்புக்கு மனநல மருத்துவர் என்று காயத்துக்கேற்ற நிபுணர் வேண்டும்.

காப்புறுதி நிறுவனமும் தன் நிபுணரிடம் வாதியை அனுப்பிப் பரிசோதிக்கச் சொல்லும். அங்கே மிகைப்படுத்தவும் வேண்டாம், பொறுத்துக்கொண்டு மறைக்கவும் வேண்டாம். கை எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு உயர்த்தினால் போதும். முடியாதது போல் நடிப்பதைக் கண்டுபிடிக்கும் சோதனைகள் மருத்துவர்களுக்குத் தெரியும்.

விசாரணைக்கு முன் ஆவணங்கள் மூன்று தொகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. 'ஏ' தொகுப்பில் இரு தரப்பும் முழுதாக ஒப்புக்கொண்ட ஆவணங்கள். 'பி' தொகுப்பில் ஆவணம் உண்மையானது என்று ஒப்புக்கொண்டாலும், உள்ளடக்கத்தை ஒப்புக்கொள்ளாதவை. 'சி' தொகுப்பில் ஆவணமே சர்ச்சைக்குரியவை. சர்ச்சைக்குரிய மருத்துவ அறிக்கையை எழுதியவர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். எந்த அறிக்கை எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்று உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இரு நிபுணர்கள் முரண்பட்டால், பட்டம் பதவியைப் பார்த்து மட்டும் நீதிபதி முடிவு செய்வதில்லை. யார் காரணத்தை விளக்கினார், யார் பழைய ஸ்கேன்களையும் முதல் நாள் குறிப்பையும் பார்த்தபின் எழுதினார், யார் நோயாளியைத் தொடர்ந்து பார்த்தார் என்பதையும் எடைபோடுகிறார். "விபத்தால் வந்தது" என்ற ஒற்றை வரி அறிக்கையைவிட, "விபத்தன்றே இந்த இடத்தில் வீக்கம் பதிவாகியுள்ளது, எக்ஸ்ரேயில் புதிய முறிவு தெரிகிறது, ஆகவே" என்று படிப்படியாக எழுதிய அறிக்கை எடைமிக்கது. நிபுணரைப் பார்க்கப் போகும்போது எல்லாப் பழைய குறிப்புகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

எவ்வளவு பணம் இதில் அடங்கியுள்ளது?

காயத்துக்கான தொகையைக் கணிக்க, தலை முதல் கால் வரை உள்ள காயங்களுக்குரிய தொகை வரம்புகளைத் தொகுத்த வழிகாட்டி ஏடு மலேசிய நீதிமன்றங்களில் பயன்படுகிறது. மருத்துவச் செலவு, போக்குவரத்து, கவனித்துக்கொண்டவருக்கான செலவு ஆகியவற்றை ரசீதோடு நிரூபிக்க வேண்டும்.

எதிர்கால வருமான இழப்புக்கு 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28ஏ பிரிவு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 31 முதல் 59 வயது வரை உள்ளவருக்கு, 60இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். நம் 52 வயதுத் தொழிலாளிக்கு அது 4 ஆண்டு. மாதம் 1,700 ரிங்கிட் சம்பளம் முழுதாகப் போய்விட்டது என்றால், கழிவுகளுக்கு முன் 81,600 ரிங்கிட். முதுகுப் பாதிப்பு விபத்தால் வந்தது என்று நிரூபிக்கத் தவறினால் இந்தத் தொகை முழுதும் போய்விடும். விபத்துக்கு முன் உழைத்துச் சம்பாதித்தார் என்பதும் நிரூபிக்கப்பட வேண்டும். கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்குபவர்கள், வங்கிக் கணக்கில் போட்டு எடுக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது.

ஹெல்மெட் அணியாதது போன்ற சொந்தக் கவனக்குறைவு இருந்தால், அதன் பங்குக்கு ஏற்ப இழப்பீடு குறையலாம். அது முழு வழக்கையும் அழித்துவிடாது.

பெர்கேசோ வேறு, வழக்கு வேறு

வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ விபத்து நேர்ந்தால், சொக்சோ என்று நாம் சொல்லும் பெர்கேசோவில் பயண விபத்தாகப் பதிய முடியும். வீட்டுக்கும் வேலை இடத்துக்கும் இடையே வழக்கமான பாதையில் வந்திருக்க வேண்டும். முதலாளியிடம் உடனே தெரிவியுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவிடம் தெரிவிப்பது அவர் பொறுப்பு.

பெர்கேசோவில் மனுச் செய்தால் மோதியவர்மீது வழக்குப் போட முடியாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. இரண்டும் தனித்தனி வழிகள். பெர்கேசோ மருத்துவ வாரியம் சொல்லும் ஊன விழுக்காடு சிவில் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும், அந்தப் படிவத்தில் விபத்து பற்றிச் சொன்னதும் வழக்கில் சொல்வதும் ஒத்திருக்க வேண்டும். நேரமும் பாதையும் மாறினால் கேள்வி எழும்.

வார்டுக்கு வரும் தரகர்கள்

மருத்துவமனையில் படுத்திருக்கும்போதே சிலர் வந்து, "நாங்கள் எல்லாம் பார்த்துக்கொள்கிறோம், இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். இல்லாத காயத்தைச் சேர்த்துச் சொல்லச் சொன்னால், இருக்கும் காயத்துக்கான வழக்கும் அதனால் கெடும். வென்றால் மட்டும் கட்டணம், கிடைப்பதில் பங்கு என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் செய்வதை 1976ஆம் ஆண்டு சட்டத் தொழில் சட்டத்தின் 112ஆவது பிரிவு தடை செய்கிறது. வழக்கறிஞரை நேரில் சந்தித்து, கட்டணத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். சமரசத் தொகை பேசப்பட்டால் எந்தக் காயத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். சிகிச்சை முடியும் முன் முழுத் தீர்வுக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டால், பிறகு வெளிப்படும் பாதிப்புக்கு மீண்டும் கேட்பது மிகக் கடினம்.

காலக்கெடு

தீபகற்ப மலேசியாவில் விபத்துக் காயத்துக்கு வழக்குத் தொடுக்க 6 ஆண்டு அவகாசம் உண்டு. மோதியது அரசாங்க வண்டி என்றால் 3 ஆண்டு மட்டுமே. விபத்தில் இறந்தவரை நம்பியிருந்த குடும்பத்தார் தொடுக்கும் வழக்குக்கும் இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான். ஆறு ஆண்டு இருக்கிறதே என்று காத்திருப்பவருக்குச் சட்டம் கதவைத் திறந்து வைத்திருந்தாலும், சாட்சிகள் ஊர் மாறிவிடுவார்கள், தோட்டம் கைமாறிவிடும்.

வீட்டில் ஒட்டி வைக்க ஒரு பட்டியல்

முதல் நாள்: மருத்துவரிடம் விபத்து நடந்த விதத்தையும் எல்லா வலிகளையும் சொல்லுங்கள். வண்டி, சாலை, காயம் ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். கிழிந்த உடையையும் உடைந்த ஹெல்மெட்டையும் வீசிவிடாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார். கையெழுத்துக்கு முன் வாசித்துக் கேட்பது கட்டாயம்.

முதல் வாரம்: அருகிலுள்ள கடையின் மறைகாணிப் பதிவையும், மற்றக் கார்களின் டேஷ்கேம் பதிவையும் கேட்டுப் பெறுங்கள், சில நாட்களில் அவை தானாகவே அழிந்துவிடும். பார்த்தவர்களின் பெயர், தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாளியிடம் தெரிவியுங்கள். புதிதாக வலி தெரிந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

முதல் ஆண்டு: மறுபரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு, என்ன வலி, எந்த வேலை முடியவில்லை, யார் உதவினார் என்று எழுதிவாருங்கள். ரசீதுகள், எம்.சி., சம்பளச் சீட்டுகள், கிளினிக் அட்டை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். அசலை யாரிடமும் கொடுத்துவிடாமல் நகல் கொடுங்கள்.

நம் பெற்றோர் பலருக்கு இந்தக் காகிதங்களைச் சேர்க்கத் தெரியாது. மலாய் படிக்கவும் கைப்பேசியில் படம் பிடிக்கவும் தெரிந்த மகனோ மகளோ, பேரப்பிள்ளையோ வீட்டில் இருந்தால், விபத்து நடந்த அன்றே அந்தக் கோப்பைத் தொடங்கிக் கொடுக்கலாம். ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் தாத்தாவிடம் "இது அந்த விபத்தால்தானா?" என்று கேட்கும்போது, அவர் கையில் பதில் இருக்கும்.